மூன்று வேளைகளும் ஒரு கண்ணாடியும்

வீட்டுச் சாளரத்துக்குப் பழந்தமிழர் இட்ட பெயர்களுள் ஒன்று காலதர். கால் என்றால் காற்று. அதர் என்றால் வழி. காற்று வரும் வழி என்பது பொருள். பலகணி என்பது மற்றொரு பெயர். பல கண்களை, அதாவது பல துளைகளை உடையது என்பதாம். இன்று நாம் வழங்கும் சன்னல் என்ற சொல்லோ போர்ச்சுகீசியரிடமிருந்து வந்தது. முதலிரு பெயர்களையும் சேர்த்துப் பார்த்தால் நம் முன்னோர் சாளரத்திடம் எதிர்பார்த்தது விளங்கும். காற்று தடையின்றி வரவேண்டும். ஆனால் வீடு திறந்து கிடக்கலாகாது.

ஆமத்தூரிலும் சுற்றுப்புறங்களிலும் உள்ள பழைய வீடுகளைப் பார்த்தவர்கள் அந்த ஏற்பாட்டை அறிவர். ஒரு சன்னலுக்கு நான்கு மரக்கதவுகள். கீழே இரண்டு, மேலே இரண்டு. கீழ்க்கதவுகளைச் சாத்திவிட்டு மேல்கதவுகளைத் திறந்துவைப்பார்கள். தெருவில் போகிறவர் கண்ணுக்கு உள்ளே இருப்பவர் தென்படார். காற்றும் வெளிச்சமும் மேலே தாராளமாக வரும். காயல்பட்டினத்தில் பெண்கள் தெருவுக்கு வராமலே வீட்டுக்கு வீடு சென்றுவர முடுக்கு என்னும் சந்துகளை அமைத்தார்கள். கெய்ரோவில் மரச்சட்டங்களைக் கோத்து மஷ்ரபிய்யா என்னும் மாடப் பலகணிகளைச் செய்தார்கள். ஜெய்ப்பூரில் மன்னர் சவாய் பிரதாப் சிங் 1799-இல் எழுப்பிய ஹவா மஹாலில் 953 சிறு சன்னல்கள் இருப்பதும் அரண்மனைப் பெண்டிர் பிறர் கண்ணில் படாமல் வீதியைப் பார்ப்பதற்காகவே.

இப்போது வீடு கட்டுகிறவர்கள் மரத்தை விட்டுவிட்டார்கள். மரத்தின் விலையும், கரையான் தொல்லையும், ஆசாரி கிடைக்காத நிலையும் அதற்குக் காரணங்கள். அலுமினியச் சட்டத்தில் நகர்த்தும் கண்ணாடிச் சன்னல்தான் எங்கும் காணக்கிடைக்கிறது. கண்ணாடியோ ஒளிவு மறைவு அறியாதது. ஆகவே, 'கூலிங் பேப்பர்' என்று கடைத்தெருவில் வழங்கும் படலத்தை வாங்கி அதன்மேல் ஒட்டுகிறோம். எதை வாங்குவது, எங்கே ஒட்டுவது என்று சிந்திப்பவர் சிலரே. சிந்திக்காததால் நேர்ந்த ஒன்றைச் சொன்னால் இது எவ்வளவு பெரிய செய்தி என்பது வாசக நேயர்களுக்குப் புலப்படும்.

என் தம்பி தன் புதுவீட்டின் கூடத்துச் சன்னலுக்குக் கண்ணாடிபோல் பளபளக்கும் படலத்தை ஒட்டியிருந்தார். பட்டணத்துக் கடைக்காரர் காலைப் பதினொரு மணிக்குத் தம் கடையின் கண்ணாடியையே காட்டி, "உள்ளிருந்து வெளியே தெரியும்; வெளியிலிருந்து உள்ளே ஒன்றும் தெரியாது" என்று கூறி விற்றாராம். வீட்டிலும் பகலில் அப்படியே இருந்தது. தெருவில் நின்று பார்த்தால் எதிர்ப்புறத்து வேப்பமரமும் வானமுமே அந்தச் சன்னலில் தெரிந்தன. மருகிகளுக்கும் பேத்திகளுக்கும் பெருமகிழ்ச்சி. திரையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டார்கள்.

இரண்டு திங்கள் கழிந்திருக்கும். இஷாத் தொழுகைக்குப் பின் ஒருநாள் அந்தத் தெருவழியே சென்றேன். கூடத்தில் விளக்கு எரிந்தது. திரைச்சீலையில் படம் ஓடுவதுபோல் உள்ளே இருப்பதெல்லாம் தெருவுக்குத் தெரிந்தது. தலையில் துணியில்லாமல் தம்பி மனைவி பேத்திக்குத் தலைவாரிக் கொண்டிருந்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டு தெருமுனைக்குச் சென்று, கைப்பேசியில் தம்பியை அழைத்து விளக்கை அணைக்கச் சொன்னேன்.

விவரம் அறிந்தபோது அந்த அம்மையார் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "இந்த ரெண்டு மாசமுமா?" என்றார். அதற்கு எவரிடமும் விடை இல்லை. அதன்பின் ஒரு வாரம் பொழுது சாய்ந்தால் அவர் கூடத்துக்கு வரவேயில்லை. திறந்த சன்னலின் முன் இருப்பவர் அதை அறிந்தே இருக்கிறார். மறைவில் இருப்பதாக நம்பி வெளிச்சத்தில் இருந்தவருக்கு நேர்வதோ நம்பிக்கைக்கு நேர்ந்த முறிவு. அதை ஆற்றக் காலம் பிடிக்கும்.

இதில் கடைக்காரர் பொய் சொல்லவில்லை. பாதியை மட்டும் சொன்னார். மறுபாதி இதுதான்: அந்தப் படலத்துக்கு உள் எது, வெளி எது என்று தெரியாது. வெளிச்சம் மிகுந்த பக்கம் எது, குறைந்த பக்கம் எது என்பது மட்டுமே அதற்குத் தெரியும்.

சிறு கணக்கொன்றால் இதை விளக்கலாம். ஒளியை லக்ஸ் என்னும் அலகால் அளப்பார்கள். நேர்வெயிலில் ஏறத்தாழ 1,00,000 லக்ஸ். பகலில் வெட்டவெளி நிழலில் சுமார் 10,000. பகல்நேர அறைக்குள் 200 என்று கொள்வோம். படலம் தன்மேல் விழும் ஒளியில் பாதியைத் திருப்பியடித்து, 100-க்கு 15 பங்கை ஊடே விடுகிறது என்றும் வைத்துக்கொள்வோம். பகலில் தெருவில் நிற்பவர் கண்ணுக்கு வெளியிலிருந்து திரும்பி வரும் ஒளி 5,000 பங்கு. அறைக்குள்ளிருந்து வருவது 30 பங்கு. 5,000-க்கு நடுவே 30 எங்கே தெரியும்? இரவில் தெருவிளக்கின் ஒளி 10 லக்ஸ் இருந்தால் திரும்பி வருவது 5. அறையில் குழல்விளக்கு 150 லக்ஸ் தந்தால் வெளியே கசிவது 22-க்கும் மேல். இப்போது உள்ளே இருப்பவர் தெரிகிறார். ஆனால் உள்ளிருந்து நோக்கும் அவருக்கோ கண்ணாடியில் தம் முகமே தெரிகிறது. வெளியே யார் நிற்கிறார் என்பது தெரிவதில்லை. பகலின் பாதுகாப்பு முழுவதும் இரவில் தெருவுக்குப் போய்விடுகிறது.

மஷ்ரபிய்யாவும் ஹவா மஹாலும் இந்த விதிக்கு விலக்கல்ல. வெளியே வெயில், உள்ளே இருட்டு என்பதே அவற்றின் இரகசியமும். எனினும் அக்காலத்து வீடுகளில் இரவில் எரிந்தது எண்ணெய் விளக்கு. அதன் சிறு சுடர் தெருவரை ஆளைக் காட்டிக்கொடுக்கும் வலிமையற்றது. நாம் பழைய பலகணியின் நியாயத்தை எடுத்துக்கொண்டு, அதன் பின்னால் புதிய விளக்கை ஏற்றிவிட்டோம்.

இங்கே திருமறையின் அந்நூர் அத்தியாயத்தை நினைவுகூராமல் இருக்க முடியவில்லை. 24-ஆம் அத்தியாயத்தின் 58-ஆம் வசனம், வீட்டில் வளையவரும் பணியாளரும் பருவமெய்தாப் பிள்ளைகளும்கூட அனுமதி பெற்றே உள்ளே வரவேண்டிய மூன்று வேளைகளைச் சுட்டுகிறது. வைகறைத் தொழுகைக்கு முன், ஆடை தளர்த்தும் நண்பகல், இஷாத் தொழுகைக்குப் பின். இம்மூன்றையும் மூன்று 'அவ்ராத்' என்று அது அழைக்கிறது. அவ்ரத் என்றதும் உடலில் மறைக்கவேண்டிய பகுதி என்றே நாம் பொருள் கொள்கிறோம். அச்சொல்லின் பரப்பு அதனினும் பெரிது. காப்பற்ற இடைவெளி என்ற பொருளும் அதற்கு உண்டு. 33-ஆம் அத்தியாயத்தின் 13-ஆம் வசனத்தில் காவலின்றிக் கிடக்கும் வீடுகளைக் குறிக்க இதே சொல் ஆளப்படுகிறது. ஆக, உடலுக்கும் அவ்ரத் உண்டு, வீட்டுக்கும் உண்டு, நாளுக்கும் உண்டு.

அந்த மூன்று வேளைகளையும் பளபளக்கும் படலத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நண்பகலில் மட்டும் அது காக்கும். வைகறைக்கு முன்னும் இஷாவுக்குப் பின்னும் வெளியே இருள், உள்ளே விளக்கு. மூன்றில் இரண்டு வேளைகளில் அது நம்மைக் கைவிடுகிறது. மனிதர் மிகவும் மறைவை நாடும் பொழுதில் உதவாத ஒன்றை மறைப்பு என்று எப்படிச் சொல்வது?

அப்படியானால் எதைத் தேர்வது? சந்தையில் கிடைப்பவற்றைப் பொதுவாக நான்கு வகைப்படுத்தலாம்.

முதலாவது, மேற்சொன்ன கண்ணாடிப் பளபளப்புள்ளது. பாலியெஸ்டர் தாளின்மேல் அலுமினியம் போன்ற உலோகத்தை மிக மெல்லியதாகப் படியவைத்துச் செய்வது. வெயிலின் வெப்பத்தைத் திருப்புவதில் இது வல்லது. பகலில் மட்டும் ஆள் புழங்கும் அறைக்கு ஏற்றது. இரவில் இதனோடு திரையும் வேண்டும்.

இரண்டாவது, சாயமேற்றிய கறுப்பு அல்லது பழுப்புப் படலம். விலை குறைவு. மலிவானவை சில ஆண்டுகளில் ஊதாநிறமாக வெளுத்துப்போகும். இரவில் முன்னதைப் போன்றே வெளிப்படுத்தும். வெப்பத்தை இது திருப்புவதைவிடத் தன்னுள் வாங்கிக்கொள்வதே மிகுதி. அதனால் கண்ணாடி சூடேறும். பாதி வெயிலிலும் பாதி நிழலிலும் நிற்கும் கண்ணாடியானால் சூடு சமமின்றி விரிசல் விடவும் கூடும்.

மூன்றாவது, பனிபடர்ந்தது போன்ற மங்கல் படலம். இதை 'பிராஸ்டட்' என்பார்கள். இது ஒளியைத் தடுப்பதில்லை, சிதறடிக்கிறது. எனவே பகல் இரவு என்ற பேதமின்றி மறைக்கும். குளியலறை, படுக்கையறை, தொழும் அறை ஆகியவற்றுக்கு இதுவே தக்கது. இதற்கும் குறைகள் இரண்டு உண்டு. வெளியே பார்க்க முடியாது என்பது ஒன்று. விளக்கைப் பின்னால் வைத்துக்கொண்டு கண்ணாடியை ஒட்டி நின்றால் நிழலுருவம் வெளியே தெரியும் என்பது மற்றொன்று. விளக்கைச் சன்னலுக்கு எதிர்ச்சுவரில் வைக்காமல், சன்னல் இருக்கும் சுவரிலேயே வைத்தால் நிழல் விழாது.

மங்கல் படலத்துக்குப் பதிலாகச் சொரசொரப்பான மங்கல் கண்ணாடியே போடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். அதன் சொரசொரப்பான முகத்தில் தண்ணீர் பட்டாலும், ஒட்டும் நாடாவை ஒட்டினாலும் அவ்விடம் தெளிந்துவிடும். ஆதலின் அந்த முகம் வெளியாரின் கைக்கு எட்டாமல் உட்புறமே இருக்கவேண்டும்.

நான்காவது, நிறமற்ற, தடித்த பாதுகாப்புப் படலம். இது எதையும் மறைக்காது. இதன் பயனைப் பின்னர்ச் சொல்கிறேன்.

நான்கிலும் பொதுவான குறை ஒன்றுண்டு. நகர்த்தும் சன்னலைத் திறந்துவிட்டால் எந்தப் படலமும் பயனற்றது. விருதுநகர்ச் சீமையின் கோடையில் இரவு முழுதும் சன்னலைச் சாத்திக்கொண்டு இருப்பவர் யார்? சாத்தினால் காற்றில்லை, திறந்தால் மறைவில்லை. இந்த இடத்தில்தான் நம் பாட்டனாரின் நான்கு கதவுகள் துணைக்கு வருகின்றன. புதிதாகச் சன்னல் அமைப்பவர்கள், கீழ்ப்பாதியைத் திறக்கவியலாத கண்ணாடியாக வைத்து மங்கல் படலம் ஒட்டி, மேற்பாதியைத் திறக்கும்படி அமைத்தால் காலதரும் பலகணியும் ஒரே சட்டத்தில் சேர்ந்துவிடும். உள்ளே நிற்பவரின் தலைக்கு மேல் ஒரு சாண் வரை மங்கல் இருந்தால் போதும். எதிரே மாடிவீடு இருப்பின் அளவை உயர்த்திக்கொள்ள வேண்டும்.

வெப்பத்தை முன்னிட்டுப் படலம் தேடுபவர்கள் நம் ஊரின் கதிரவனையும் கணக்கில் கொள்ளல் நன்று. ஆமத்தூர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே சுமார் ஒன்பதரைப் பாகையில் உள்ளது. சித்திரை பிறக்கும் நாட்களில் நண்பகல் கதிரவன் நம் உச்சிக்கு நேராக நிற்கிறான். பின்னர் ஆகஸ்டுக் கடைசிவரை சற்றே வடபுறம் சாய்ந்து செல்கிறான். நண்பகல் வெயில் கூரையைச் சுடுமேயன்றிச் சன்னலுக்குள் நுழைவது குறைவு. காலையில் கிழக்குச் சன்னலும் மாலையில் மேற்குச் சன்னலுமே வெயிலை உள்ளே அழைப்பவை. எனவே விலைமிகுந்த வெப்பத்தடுப்புப் படலத்தை எல்லாச் சன்னல்களுக்கும் ஒட்டவேண்டுவதில்லை. மேற்குச் சன்னலுக்கு முதலிடம், கிழக்குக்கு அடுத்த இடம். தென்சன்னலும் வடசன்னலும் ஒரு சிறு வெயில்மறைப்புப் பலகையோடு அமைந்துவிடும்.

வாங்கும்போது ஒளி எத்தனை விழுக்காடு ஊடுருவும் என்று கேளுங்கள். நல்ல தயாரிப்பாளர்கள் அதை அச்சிட்டுத் தருகிறார்கள். நம் நாட்டிலேயே மகாராஷ்டிரத்தில் கார்வேர் நிறுவனத்தார் இத்தகைய படலங்களைச் செய்கிறார்கள். ஒட்டும்போது சோப்புநீர் தெளித்து, ரப்பர் பட்டையால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நீரை வழித்தெடுப்பார்கள். சில வாரம்வரை உள்ளே நீர்த்துளி தெரிவது இயல்பு. அதற்குள் தேய்த்துத் துடைக்கலாகாது. வாடகை வீட்டார், பசையின்றிக் கண்ணாடியில் தானே பற்றிக்கொள்ளும் வகையைக் கேட்டு வாங்கினால் காலி செய்யும்போது உரித்து எடுத்துச் செல்லலாம்.

கடைகளின் நியாயம் வேறு. வீடு மறைய வேண்டும், கடையோ தெரியவேண்டும். சிவகாசிச் சாலையில் கடை வைத்திருப்பவர் முகப்பை முழுவதும் மறைத்தால் வணிகம் நடவாது. துணிக்கடையிலும் நகைக்கடையிலும் அமர்ந்திருக்கும் பெண்களின் உயரம்வரை மங்கல் பட்டை ஒட்டி, மேலே தெளிவாக விடுவது நடுவழி. முழுக்கண்ணாடிக் கதவில் கண்மட்டத்தில் ஒரு பட்டை இருந்தால் முதியோரும் குழந்தைகளும் மோதிக்கொள்ளமாட்டார்கள். துணிக்கு நிறம் வெளுக்காமல் இருக்கவும் நல்ல படலம் உதவும். வெளுப்பை அது முற்றிலும் தடுக்காது, தாமதப்படுத்தும். ஆடை அணிந்து பார்க்கும் அறையில் மட்டும் எந்தப் படலத்தையும் நம்பலாகாது. அதற்குச் சுவரும் மரக்கதவுமே வேண்டும். பிறர் பார்க்கமாட்டார் என்று ஒரு பெண் நம்பி இருக்கும் இடத்தில் அவளை எட்டிப் பார்ப்பதும் படமெடுப்பதும் 2013 முதல் நம் நாட்டில் தனிக்குற்றம். 2024 ஜூலை முதல் அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-ஆம் பிரிவில் உள்ளது.

வாகனத்துக்கும் வீட்டுக்கும் சட்டம் காட்டும் வேறுபாடும் அறியத்தக்கது. கார்க் கண்ணாடியில் கறுப்புப் படலம் ஒட்டக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2012 ஏப்ரல் 27-இல் தீர்ப்பளித்தது. முன்பின் கண்ணாடிகளில் 70 விழுக்காடும் பக்கக் கண்ணாடிகளில் 50 விழுக்காடும் ஒளி ஊடுருவவேண்டும் என்பது மோட்டார் வாகன விதி. விதி பின்னர்த் திருத்தப்பட்டது. அந்த அளவுக்கு உட்பட்ட படலத்தை ஒட்டலாம் என்று கேரள உயர் நீதிமன்றம் 2024-இல் கூறிற்று. இவையெல்லாம் பொதுவீதியில் ஓடும் வண்டிக்கே. வீட்டுச் சன்னலுக்கு அத்தகைய அளவு ஏதும் இல்லை. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்டு 24-இல் ஒன்பது நீதிபதிகள் ஒருமித்துரைத்ததும் நினைவிருக்கலாம்.

பட்டாசுத் தொழில் சூழ்ந்த நம் வட்டாரத்தார் கண்ணாடியின் மற்றொரு முகத்தையும் எண்ணிப் பார்க்கக் கடமைப்பட்டவர்கள். 2012 செப்டம்பர் 5-இல் சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் நேர்ந்த வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டதை இப்பகுதி மறவாது. வெடியின் அதிர்வில் முதலில் உடைவது கண்ணாடி. 1917 டிசம்பர் 6-இல் கனடாவின் ஹாலிபாக்ஸ் துறைமுகத்தில் எரிந்த கப்பலைச் சன்னல்வழியே வேடிக்கை பார்த்தவர்களில் நூற்றுக்கணக்கானோர் கண்ணாடிச் சில்லுகளால் கண்ணில் காயமுற்றனர். 2013 பிப்ரவரி 15-இல் ரஷியாவின் செல்யாபின்ஸ்க் நகருக்கு மேலே விண்கல் வெடித்தபோது, ஒளியைக் கண்டு சன்னலுக்கு ஓடியவர்களை இரண்டு நிமிடம் கழித்து வந்த அதிர்ச்சியலை தாக்கிற்று. காயமுற்ற சுமார் 1,500 பேரில் பெரும்பாலோருக்குக் கண்ணாடியே காரணம். நான்காவதாகச் சொன்ன பாதுகாப்புப் படலம் கண்ணாடியை உடையாமல் காப்பதில்லை. உடைந்தால் சில்லுகள் தெறிக்காமல் பிடித்துக்கொள்ளும். மங்கல் படலத்தின் மெல்லிய தாளுக்கு அந்த வலிமை கிடையாது. தொழிற்கூடங்களுக்கு அருகே வசிப்போர் குழந்தைகள் உறங்கும் அறைக்கேனும் இதைக் கருதலாம். எங்கேனும் வெளிச்சமோ புகையோ கண்டால் சன்னலை நெருங்காமல் விலகி நிற்கவும் பிள்ளைகளுக்குக் கற்பிக்கவேண்டும்.

இனி, தம்பி வீட்டுச் செய்தியில் சொல்லாமல் விட்ட ஒன்று. அவர் வீட்டுக்கு எதிரே தீப்பெட்டி ஒட்டிக் குடும்பத்தை வளர்த்த இந்து மூதாட்டி ஒருவர் இருக்கிறார். வளர்ந்த ஆண்மக்கள் இருவர் அவருக்கு. அவர் வீட்டுத் திண்ணையின் திறப்பில் பழைய சேலையொன்று தொங்குவதைப் பலநாள் கண்டிருக்கிறோம். வெயிலுக்கு என்று எண்ணினோம். விவரம் வெளிப்பட்டபின் கேட்டபோது அவர் சொன்னார்: "அந்தப் புள்ளைகிட்ட சொன்னா மனசு ஒடிஞ்சு போகும் வாத்தியாரய்யா. அதான் எங்க பக்கத்த நாங்களே மறைச்சுக்கிட்டோம்."

சொல்லியிருக்கலாம் என்று எண்ணத் தோன்றும்; எனக்கும் தோன்றியது. ஆயினும் அவர் செய்ததன் உயர்வு அதனால் குறையாது. பார்வையைத் தாழ்த்துமாறு பணிக்கும் அந்நூர் அத்தியாயத்தின் 30-ஆம் வசனம் முதலில் ஆண்களை நோக்கியது. பெண்களுக்கான வசனம் அடுத்தே வருகிறது. அனுமதி கேட்டல் என்னும் ஒழுக்கமே பார்வையை முன்னிட்டு ஏற்பட்டது என்னும் கருத்துடைய நபிமொழியை ஸஹ்ல் இப்னு ஸஅத் (ரலி) அறிவிக்க, புகாரி பதிவு செய்திருக்கிறது. மறைப்பின் பொறுப்பு முழுவதையும் வீட்டுக்குள் இருப்பவர்மீது சுமத்திவிட்டு, தெருவில் நடப்பவர் விடுபட்டுவிட மார்க்கத்தில் இடமில்லை. எழுத்தறியாத அந்த மூதாட்டி தெருவின் கடமையைத் தம் சேலையால் நிறைவேற்றியிருக்கிறார்.

தம்பி வீட்டில் இப்போது கீழ்ப்பாதிக்கு மங்கல் படலமும் மேலே மெல்லிய திரையும் இருக்கின்றன. நேயர்களுக்கு என் வேண்டுகோள் இதுவே: எந்தப் படலமானாலும், விலை கொடுக்குமுன் ஒரு துண்டு வாங்கிச் சன்னலில் ஒட்டுங்கள். இஷாவுக்குப் பின் எல்லா விளக்குகளையும் ஏற்றி, வீட்டாரில் ஒருவரை உள்ளே நிற்கவைத்து, மற்றொருவர் தெருவுக்குச் சென்று பாருங்கள். தெருவில் நின்று பார்ப்பவர் வீட்டுப் பெண்மணியாகவே இருக்கட்டும். மறைவு யாருக்காகவோ, அவர் கண்ணால் கண்டு, போதும் என்று சொல்லட்டும்.